சோர்வும் நிலைக்களனும்

சோகத்துக்கு நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் ஒரு தனி மரியாதை உண்டு. காரணம் தெரிகிற சோகத்துக்கு அல்ல. காரணம் தெரியாத சோகத்துக்கு. கடன்தொல்லையில் கலங்குகிற ஒருவன் கதையில் வந்தால் அதை யதார்த்தவாதம் என்று அரைப்பக்க மதிப்புரையில் முடித்துவிடுகிறோம். ஊர், பேர், தேதி எதுவுமில்லாமல் ஒருவன் ஜன்னலருகே உட்கார்ந்து வெறுமையை உணர்ந்தால் அது இருத்தலின் சோகம். அதற்கு நாலு பக்கம். 1959-ல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து இந்தத் தராசு அதிகம் மாறவில்லை. நானும் இதைப் பிடித்து நிறுத்தவன்தான்.

இக்கட்டுரை அந்தத் தராசைப் பற்றியது. ஒருவன் தன் மனச்சோர்வை அதன் இடம், காலம், உடனிருந்த மனிதர்களோடு சேர்த்து நினைக்கிறானா, அல்லது அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு நினைக்கிறானா என்பதைப் பொறுத்து அவன் அதிலிருந்து மீள்வதும் மீளாததும் பெருமளவு அமைகிறது என்று எனக்குப் படுகிறது. இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் மூன்று இடங்களை மட்டும் பார்க்க விரும்புகிறேன்: லண்டனில் ஒரு ஆபீஸ், தொல்காப்பியத்தில் ஒரு இயல், வலங்கைமானில் ஒரு கோயில். அதற்கு முன் என் சொந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். விமர்சகன் தன்னை மறைத்துக்கொண்டு இதைப் பேசுவது நேர்மையாகாது.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாவது அலையில், என் தந்தை இறந்தார். உடல் வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குப் போயிற்று. எனக்கும் தொற்று இருந்ததால் வேறு ஊரில் வாடகை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். பாடை கட்டவில்லை. கொள்ளிச்சட்டி தூக்கவில்லை. அடுத்த வருஷம் வலங்கைமானுக்கு மாற்றல் வந்தது.

வேலையில் குறையில்லை. நகைக்கடன் கவுண்டரில் மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து எடை சொல்வார், நான் பதிந்துகொள்வேன். நின்றுபோனது மற்றவை. எழுத்து நின்றது, பிறகு படிப்பு, பிறகு நண்பர்களுக்குப் பதில் போடுவது. மாலையில் அறைக்கு வந்தால் ஒரு நோட்டுப்புத்தகத்தில் ஒரே கேள்வியை, அதுவும் ஆங்கிலத்தில், மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்: நான் ஏன் இப்படி இருக்கிறேன்? அறுபது பக்கங்களுக்கு மேல். பின்னால் அதைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். ஒரு தேதி இல்லை. ஒரு தெருப்பெயர் இல்லை. அப்பாவின் பெயர் எங்குமே இல்லை. பயனின்மை, தோல்வி, குற்றம், வெறுமை என்று எல்லாம் பண்புப்பெயர்கள். அப்போது அதை நான் ஆழம் என்று நினைத்தேன். அதிலிருந்து சில பக்கங்களைப் பிரசுரிக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

இனி லண்டன்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஜான் ஸ்டூவர்ட் மில் ஒரு தத்துவவாதியாகத்தான் பரிச்சயம். அவர் ஒரு குமாஸ்தா என்பது மறந்துபோகிறது. 1823-ல், பதினேழு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீஸில் தன் தந்தை ஜேம்ஸ் மில்லின் கீழ் சேர்ந்தார். 1858 வரை அங்கேயே இருந்தார். அவர் இறந்த 1873-ம் வருஷம் வெளிவந்த சுயசரிதையில், இருபது வயதில் தனக்கு நேர்ந்த ஒரு மனமுறிவை எழுதியிருக்கிறார். 1826-ன் இலையுதிர்காலம். ஒருநாள் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறார்: நீ விரும்புகிற சீர்திருத்தங்கள் எல்லாம் இந்தக் கணமே நிறைவேறிவிட்டால் நீ சந்தோஷமாக இருப்பாயா? உள்ளிருந்து வந்த பதில் இல்லை என்பது. அதோடு அவர் வாழ்க்கையின் அஸ்திவாரமே சரிகிறது. மாதக்கணக்கில் வேலையை இயந்திரம்போலச் செய்துகொண்டிருக்கிறார்.

அந்தக் கேள்வியின் உருவத்தைப் பாருங்கள். 'எல்லாம்' நிறைவேறினால். எந்தச் சீர்திருத்தம், எந்த ஊரில், யாருக்கு என்பது கேள்வியில் இல்லை. இது அவர் தந்தையிடம் கற்ற வழி. ஜேம்ஸ் மில் 1817-ல் வெளியிட்ட பிரிட்டிஷ் இந்திய சரித்திரம் இந்தியாவை ஒருமுறைகூடப் பார்க்காமல் எழுதப்பட்டது. பார்க்காததே ஒரு சௌகரியம் என்று முன்னுரையில் வாதிக்கவும் செய்தார். இடத்தைப் பார்க்காமலே இடத்தின் சரித்திரத்தை எழுதலாம் என்று நம்பிய தந்தை, மகனுடைய மனசையும் அதே முறையில் பயிற்றுவித்தார். பகுத்து ஆராயும் பழக்கம் உணர்ச்சிகளை அரித்துவிடுகிறது என்று மகன் பின்னால் எழுதியது, தன் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

அவர் மீண்ட விதம்தான் நமக்கு முக்கியம். அவர் தன் சோர்வுக்கு விளக்கம் கண்டுபிடித்துக் குணமாகவில்லை. தற்செயலாக மார்மோந்தெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக்குறிப்புகளைப் படிக்கிறார். அதில் ஒரு இடம். தந்தை இறந்துவிட்டார், குடும்பம் நிராதரவாக நிற்கிறது, சிறு பையன் ஒருவன், இவர்களுக்கு இனி எல்லாமாக நான் இருப்பேன் என்று உணர்கிறான். அதைப் படித்ததும் மில்லுக்குக் கண்ணீர் வருகிறது. அந்தக் கணத்திலிருந்து பாரம் குறையத் தொடங்கியது என்கிறார். தந்தையின் மரணத்தை மகன் உள்ளூர விரும்பியதன் வெளிப்பாடு அது என்று மனப்பகுப்பாய்வு வழியில் வாசித்தவர்கள் உண்டு. இருக்கலாம். எனக்குத் தெரிகிறது இன்னும் எளிமையான விஷயம். ஒரு வீடு, ஒரு சாவு, அதைச் சுற்றி நிற்கும் மனிதர்கள். தன் சொந்தச் சோர்வுக்கு ஒரு சுவர்கூட இல்லாமலிருந்தவருக்கு இன்னொருவனுடைய வீடு கொஞ்ச நேரம் ஒதுங்க இடம் கொடுத்தது. 1828-ல் அவர் வேர்ட்ஸ்வொர்த்தைப் படித்ததும் இதன் தொடர்ச்சிதான். ஏற்கனவே அவருக்குப் பிரியமான மலைகள் அக்கவிதைகளில் இருந்தன. அங்கிருந்து உணர்ச்சிக்குத் திரும்ப வழி கிடைத்தது.

மில் அனுபவத்தில் கண்டதைப் பரிசோதனைக்கூடம் எட்டிப்பிடிக்க நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாயிற்று. 1986-ல் மார்க் வில்லியம்ஸும் கீத் பிராட்பெண்ட்டும் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் சில சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொல்லச் சொன்னார்கள். மற்றவர்களைவிட இவர்கள் அதிகமாகப் பொதுப்படையாகவே பதில் சொன்னார்கள். 'சந்தோஷம்' என்றால் 'போன பொங்கலன்று மாமா வீட்டுத் திண்ணையில்' என்று வராது. 'நண்பர்களோடு இருக்கும்போது' என்று வரும். (உதாரணம் என்னுடையது.) நினைவு தொலைந்துவிடவில்லை, நினைவின் முகவரி தொலைந்திருக்கிறது.

இன்னொன்று, ஒரு பூகம்பம் தானாக நடத்திக்கொடுத்த பரிசோதனை. கலிபோர்னியாவில் சூசன் நோலன்-ஹோக்ஸிமா, ஸ்டான்போர்ட் மாணவர்கள் சோர்வு வந்தால் அதை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று ஒரு வினாத்தாள் வைத்து அளந்திருந்தார். பதினாலு நாள் கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று, அங்கே பெரிய பூகம்பம். பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் மீண்டும் அளந்தார். சோர்வை மனசுக்குள்ளேயே போட்டு மென்றுகொண்டிருக்கும் பழக்கம் முன்பே இருந்தவர்கள், பூகம்பத்துக்குப் பிறகும் அதிகச் சோர்வில் இருந்தார்கள். அப்படியானால் துயரத்தை நினைக்கவே கூடாதா? இந்த இடத்தில் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் எட்வர்ட் வாட்கின்ஸ் செய்த வேலை உதவுகிறது. நினைப்பதில் இரண்டு வகை உண்டு என்று அவர் பிரித்தார். எனக்கு ஏன் இப்படி நேர்கிறது, நான் எப்படிப்பட்டவன் என்று அரூபமாக நினைப்பது ஒன்று. என்ன நடந்தது, எங்கே, எந்த வரிசையில், அடுத்து என்ன என்று ஸ்தூலமாக நினைப்பது மற்றொன்று. முதலாவது சோர்வை நீட்டிக்கிறது. இரண்டாவதைப் பயிற்சியாகச் செய்யவைத்தபோது சோர்வு குறைந்தது.

இதைப் படித்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல்.

நகை முதல் உவகை வரை மெய்ப்பாடு எட்டு என்பது நாம் பள்ளியில் படித்தது. அங்கே நாம் நிறுத்திக்கொள்கிறோம். இலக்கணம் நிறுத்தவில்லை. ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் அது பிறக்கிற நிலைக்களன்கள் என்று நான்கு நான்காகச் சொல்கிறது. அழுகைக்கு நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது இகழப்பட்டு எளியவனாதல். இழவு, உயிரையோ பொருளையோ இழத்தல். அசைவு என்பதற்கு உரையாசிரியர்கள் தரும் பொருள், முன்பிருந்த நிலை கெட்டு வருந்துதல். இந்தப் பட்டியலில் ஐந்தாவதாக 'காரணமின்மை' என்று ஒன்று இல்லை. அகத்திணையிலும் இப்படித்தான். இரங்கல் என்ற உரிப்பொருள் தனியே வராது. கடற்கரை உண்டு, எற்பாடு உண்டு, அங்கே ஒரு பறவை உண்டு. முதலும் கருவும் இல்லாமல் உரி மட்டும் நிற்கும் பாட்டு அந்தக் கவிதைமுறையின் இயல்பு அல்ல.

இது கவிதைக்கு எழுதிய இலக்கணம், மனநோய்க்கு எழுதிய வைத்தியம் அல்ல என்று ஒரு நண்பர் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்கிறேன். பழந்தமிழன் மனோதத்துவத்தை முன்பே கண்டுவிட்டான் என்று கொடி பிடிப்பது என் நோக்கமும் அல்ல. ஆனால் கவிதை இலக்கணம் என்பது ஒரு சமூகம் உணர்ச்சியை எப்படிப் பேசப் பழகியிருந்தது என்பதன் சாட்சி. அழுகிறவனைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி 'எந்தக் களத்தில் நிற்கிறாய்' என்பது என்று அது நினைத்தது. என் அறுபது பக்கங்களை இந்த நான்கு சொற்களுக்கு எதிரே வைத்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்தது. எனக்கு நேர்ந்தது இழவு. நான் எழுதிக்கொண்டிருந்தது இளிவு. அப்பா போய்விட்டார் என்பதற்குப் பதிலாக, நான் கேவலமானவன் என்று இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். களத்தை அழித்துவிட்டால் ஒரு துக்கம் இன்னொன்றின் வேஷத்தைப் போட்டுக்கொள்வது எவ்வளவு சுலபம்!

ஆனால் உண்மையில் நான் இதைப் புத்தகத்தில் தெரிந்துகொள்ளவில்லை. புத்தகம் பிறகு வந்தது. முதலில் வந்தது பாடை.

கும்பகோணம் – மன்னார்குடி சாலையில், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது வலங்கைமான். தஞ்சை ஜில்லாவாக இருந்து, 1997-லிருந்து திருவாரூர் மாவட்டம். இங்கிலீஷ் படித்தவர்களுக்கு இது 1869-ல் சீனிவாச சாஸ்திரி பிறந்த ஊர். தீபாவளிக்கு வெடி வாங்க வருகிறவர்களுக்கு வாணவெடி ஊர். மற்ற எல்லாருக்கும் பாடைகட்டி மாரியம்மன் ஊர். கடுமையான நோயில் கிடந்து பிழைத்தவர்கள், பிழைத்தால் பாடை கட்டி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டதை இங்கே பங்குனி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நிறைவேற்றுகிறார்கள். குடமுருட்டியில் குளித்து, பச்சை மூங்கிலில் கட்டிய பாடையில், பிணத்துக்குச் செய்வதுபோலக் கட்டப்பட்டு, அவர்கள் மல்லாந்து படுத்துக்கொள்கிறார்கள். நாலு பேர் தூக்குகிறார்கள். முன்னால் உறவினர் ஒருவர் தீச்சட்டி எடுத்துப் போகிறார். பறை முழங்குகிறது. கோயிலைச் சுற்றிவந்து சந்நிதி முன்னால் இறக்கியதும் பூசாரி தீர்த்தம் தெளித்து விபூதி இட, படுத்திருந்தவர் எழுந்திருக்கிறார்.

மாரியம்மன் வழிபாடு பெரியம்மையோடு பிணைந்து வளர்ந்தது. அந்த நோய் இந்தியாவில் 1975-ல் முடிந்துபோயிற்று. உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று 1980-ல் அறிவித்தார்கள். நோய் போன பிறகும் பாடை நிற்கவில்லை. அதன் வேலை வைத்தியம் மட்டுமாக இருந்திருந்தால் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

2023 பங்குனியில் எங்கள் கிளையின் அட்டெண்டர் என்னை அழைத்துப்போனார். என்னைவிட இருபது வயது பெரியவர். கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்றோம். ஒரு பாடை எங்களைத் தாண்டிப் போயிற்று. முன்னால் சட்டி எடுத்துப் போன பையனுக்குப் பதினைந்து வயதிருக்கும்.

"அது புள்ள சார். படுத்திருக்கிறது அவன் அப்பா" என்றார். பிறகு சாதாரணமாக, "உங்க அப்பாவுக்கு நீங்கதானே சட்டி எடுத்தீங்க?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. இதைப் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். "எப்ப சார் போனாங்க?" என்றார். சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் கிடந்தார், யார் கூட இருந்தது, உங்களுக்கு யார் சொன்னா, அப்ப நீங்க எங்கே இருந்தீங்க? ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். தம்பி போன் செய்தது காலை நாலே முக்காலுக்கு. என் அறையில் கரண்ட் இல்லை. ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் கோலமாவு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அந்த வைகாசியில யாருக்குத்தான் சார் பாடை கட்டினாங்க."

அந்த மே மாதம் 21-ம் தேதி மட்டும் தமிழ்நாட்டில் முப்பத்தாறாயிரத்துக்கு மேல் தொற்று பதிவாயிற்று. இந்த எண் எனக்கு அப்போதே தெரிந்ததுதான். தெரிந்தும், என் தந்தைக்குப் பாடை கட்டாதது என் ஒருவனுடைய குணக்கேடு என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன வாக்கியம் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அன்றிரவுதான் முதல்முறையாக அழுதேன். ஆனால் அது வேறு களத்தில் நின்று அழுத அழுகை.

பாடைக்காவடியைப் பற்றி இப்போது ஒன்று சொல்லலாம். வேண்டுதல் என்பது நோய்க்கு ஒரு தேதி போடுகிறது. நிறைவேற்றுவது அதற்கு ஒரு எல்லை போடுகிறது: இந்த ஆற்றிலிருந்து இந்தச் சந்நிதி வரைக்கும். தூக்குகிறவர்களும் சட்டி எடுப்பவரும், நீ எவ்வளவு தூரம் போய்வந்தாய் என்பதற்குச் சாட்சி. 'நான் ஒரு நோயாளி' என்பது முகவரியில்லாத வாக்கியம். 'அந்தப் புரட்டாசியில் நான் செத்துப் பிழைத்தேன், இவர்கள் இருந்தார்கள்' என்பது முடிந்துபோகக்கூடிய வாக்கியம்.

இதை இத்தோடு விட்டால் நாட்டார் மரபைப் பற்றிய இன்னொரு கிளுகிளுப்பாக முடியும். மூன்று ஆட்சேபங்களை நானே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, சூழல் என்பது யாருக்கும் பொதுவான திண்ணை அல்ல. அந்த ஊர்வலத்தில் பறையடிக்கிறவரின் சாதிக்குச் சாவு வீட்டில் பறையடிப்பது காலங்காலமாக விதிக்கப்பட்ட வேலை. அவர் தன் துக்கத்தின் களத்தைச் சொல்லத் தொடங்கினால் அதில் நாமும் நிற்போம். ஆறுதல் சொல்லும் இடத்தில் அல்ல.

இரண்டு, சில சமயம் சூழலைப் பற்றி நினைப்பது போதாது, சூழல்தான் மாற வேண்டும். 2016-ல் ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறக்கவில்லை. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் அரசு தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. கருகிய பயிரின் வரப்பில் நிற்கிறவனிடம் ஸ்தூலமாக நினை என்று சொல்வது திமிர். அவன் ஸ்தூலமாகத்தான் நினைக்கிறான். தொல்காப்பியர் வறுமையை ஒரு களனாகத் தனியே வைத்ததை நாம் மறக்க வேண்டாம்.

மூன்று, நோய் நோய்தான். 'ழ' நடத்திய ஆத்மாநாம் 1984-ல், முப்பத்து மூன்றாவது வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவருக்கு மனநோய் இருந்ததும் மருத்துவம் நடந்ததும் தெரிந்த விஷயங்கள். சரியான கேள்வியைக் கேட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது குரூரம். நான் சொல்ல விரும்புவது நம்மைப் பற்றி. அவர் கவிதைகளை அவருடைய முடிவிலிருந்து பின்னோக்கி வாசித்து, ஒரு களமற்ற சோகத்தின் அடையாளமாக அவரை மாற்றியது நம் வட்டாரம். 1981-ல் வந்த 'காகிதத்தில் ஒரு கோடு' தொகுப்பைத் திறந்து பார்த்தால் தெரியும், அவருடைய கவிதை எவ்வளவு தெருவும் மனிதரும் நடப்பு அரசியலும் நிறைந்தது என்று. மருந்து தேவைப்படுகிறவனுக்கு மருந்துதான் வேண்டும். அவனுடைய சோகத்தை ஆழம் என்று பாராட்டி அவனை அதிலேயே உட்காரவைக்கிற வாசகர்கள் வேண்டாம்.

ஆகவே என் தராசை நான் திருத்திக்கொண்டேன். காரணமற்ற வெறுமையைச் சொல்லும் ஒரு கவிதை கைக்கு வந்தால், இது எங்கே நடக்கிறது, யார் இருந்தார்கள், எத்தனை மணி என்று கேட்கிறேன். கவிதை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஆனால் கவிஞனுக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமலிருப்பதை ஆழம் என்று நான் இனி எழுத மாட்டேன்.

எனக்கு முழுதும் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. நோட்டுப்புத்தகத்தைத் தூக்கி எறியவில்லை, அதில் எழுதுவதை விட்டுவிட்டேன். அந்தப் பங்குனி கழிந்து ஏப்ரலில் இன்னொரு வேலையையும் முடித்தேன். அப்பாவின் சேமிப்புக் கணக்கில் கொஞ்சம் பணம் கிடந்தது. இறந்தவர் கணக்கை முடிக்கும் விண்ணப்பத்தைத் தினம் யாருக்காவது எடுத்துக் கொடுக்கிற நான், இரண்டு வருஷமாக என் வீட்டுக்கு அதை நிரப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்பினேன். இறந்தவர் பெயர். இறந்த தேதி. இடம். விண்ணப்பதாரரின் உறவுமுறை. நாலு கட்டங்கள். மகன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.